ஐப்பசிக்கு முன் போட்ட ஊசி

இந்த மழைக்காலத்தில் என் மகளின் கொட்டகையில் ஒரு பன்றிகூடச் சாகவில்லை. கதை சொல்லத் தெரிந்தவர்கள் இதைக் கடைசி வரைக்கும் மறைத்து வைப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு மூச்சு வரும்.

நான் கிராம சுகாதாரச் செவிலியர். சொந்த ஊர் காளப்பநாயக்கன்பட்டி. வேலை மேலே கொல்லிமலையில், செம்மேட்டைத் தாண்டி மிளகுத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு துணை சுகாதார நிலையத்தில். அதை ஒட்டியே குவார்ட்டர்ஸ். கணவர் கீழே ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் மேலே வருவார். ஒரே மகள். விலங்கியல் படித்தாள். படித்து முடித்ததும் எல்லோரும் பேங்க் பரீட்சை எழுதச் சொன்னார்கள். அவள் பன்றி வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சரிவில் மலைக்காரர் ஒருவரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, வெண்பன்றிகளை வாங்கி விட்டாள்.

சொந்தக்காரர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று விரிவாக எழுத வேண்டியதில்லை. கல்யாண மண்டபங்களில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மகள் சுகமா என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு என் புடவையை ஒரு தரம் முகர்வது போல மூச்சை இழுப்பார்கள். என் நாத்தனார் மட்டும் நேராகவே கேட்டார். "ஏனுங்க, காடு தோட்டம் இருக்கற குடும்பத்துல பொறந்த புள்ளைக்கு ஆடு மாடு கண்ணுக்குத் தெரியலீங்களா?" மகள் அதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். ஆடு மாட்டுக்குப் பிரசவம் பார்க்க ஊரே வரும் அத்தை, பன்றி மட்டும்தான் யாரையும் கூப்பிடாமல் தானே பெற்றுக்கொள்ளும், அதனால்தான் எனக்கு அதைப் பிடித்திருக்கிறது என்று சிரித்தபடி சொன்னாள்.

போன வருடம் கார்த்திகையில் அந்த இருமல் வந்தது.

பன்றி இருமுவது மனிதர் இருமுவதைப் போலத்தான் இருக்கும். அதுவரை எனக்கு அது தெரியாது. இத்தனை வருடங்களாக இருமலைக் கேட்பதும் குழந்தைகளின் நெஞ்சு உள்ளிழுப்பதைப் பார்ப்பதும்தான் என் வேலை. ஆனாலும் அன்று விடியலில் சன்னலைத் திறந்தபோது கேட்ட இருமல் யாருடையது என்று புரியவில்லை. யாரோ வயதானவர் ரோட்டோரம் உட்கார்ந்து இருமுகிறார் என்று நினைத்து வெந்நீர் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். ரோட்டில் பனிமூட்டம்தான் இருந்தது. சத்தம் கீழே கொட்டகையிலிருந்து வந்தது.

அடுத்தடுத்த நாட்களில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விரிவாகச் சொல்ல இன்னும் தெம்பு வரவில்லை. பன்றிகள் தீவனத் தொட்டிக்கு வருவதை நிறுத்தின. நாயைப் போல முன்னங்கால்களை ஊன்றி உட்கார்ந்துகொண்டு மூச்சுக்குத் தவித்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவும் வயிறும் அடித்துக்கொண்டன. மூக்கு நுனி நீலமாயிற்று. குளிரடிக்கிறது என்று நாங்கள் தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டி உள்ளே புகைமூட்டம் போட்டோம். அது இன்னும் கெடுதல் என்று பிறகுதான் தெரிந்தது. பாதிக்கு மேல் போய்விட்டன. மகள் குழி வெட்ட யாரையும் விடவில்லை. அவளே வெட்டினாள். நான் சுண்ணாம்பு தூவினேன்.

மார்கழி முடிந்தபோது அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை கொடுத்தாள். மிச்சம் இருப்பதை வைத்து இன்னும் ஒரு வருடம் பார்க்கிறேன், அடுத்த மழைக்காலத்தையும் பன்றிகள் தாண்டாவிட்டால் கொட்டகையைப் பிரித்துவிட்டு ஓசூரில் மாமா சொல்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுகிறேன் என்று. மாமா என்றது என் கணவரின் சித்தப்பா மகளைக் கட்டியவரை. அவர் அந்தக் கம்பெனியில் பெரிய இடத்தில் இருந்தார், எப்போது வேண்டுமானாலும் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தார். என் கணவர் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்கு அந்த நிம்மதியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மகள் ஓசூருக்குப் போய் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மலைக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த கால்நடை டாக்டரம்மா தெற்குச் சீமைக்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் வழியில் எங்கள் கொட்டகையில் நின்று, எந்தப் பன்றி எப்படி மூச்சு விடுகிறது என்று வேலிக்கு வெளியிலிருந்தே பார்ப்பார். அவர் எங்களுக்குச் சொன்னது இதுதான். இந்த நிமோனியாவைக் கொண்டுவரும் பாக்டீரியா வெளியூரிலிருந்து வருவதில்லை. நன்றாக இருக்கும் பன்றிகளின் மூக்கிலும் தொண்டையிலும் அது சும்மா உட்கார்ந்திருக்கும். குளிர், ஈரம், நெரிசல், மூத்திர நெடி எல்லாம் ஒன்றாகச் சேரும்போது கீழே நுரையீரலுக்கு இறங்கிவிடும். அதனால் தார்ப்பாயைக் காற்று வரும் பக்கம் மட்டும் கட்டுங்கள், மற்ற பக்கம் திறந்திருக்கட்டும். கூடவே தடுப்பூசி போடுங்கள். ஒரு ஊசி, சில வாரம் கழித்து இன்னொரு ஊசி. இரண்டும் ஐப்பசி மழைக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். பால்குடிக் குட்டிகளுக்கு மட்டும் இப்போது வேண்டாம்.

சின்னக் குட்டிகள்தானே நோஞ்சான், அதுகளுக்கல்லவா முதலில் போட வேண்டும் என்று மகள் கேட்டாள். தாயின் சீம்பாலிலிருந்து வந்த எதிர்ப்பு குட்டியின் ரத்தத்தில் இருக்கும்போது ஊசி போட்டால், அந்த எதிர்ப்பே மருந்தையும் அடித்துப் போட்டுவிடும், குட்டியின் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது என்றார் டாக்டரம்மா. எனக்கு அது உடனே புரிந்தது. தட்டம்மை ஊசியை ஒன்பது மாதம் முடியும்வரை நாங்கள் போடாமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பன்றிக்கும் பிள்ளைக்கும் உடம்பு ஒரே மாதிரிதான் யோசிக்கிறது என்பது எனக்கு அன்றைக்குப் பெரிய தைரியமாக இருந்தது. என் வேலைக்குள் இருக்கிற ஒரு விஷயம்தான் இது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மருந்து மலையில் கிடைக்கவில்லை. நாமக்கல்லில் சொல்லி வைத்து வாங்க வேண்டியிருந்தது. வாங்கி வரும் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொண்டார்.

இங்கே நாமக்கல்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் தடுப்பு மருந்து என்றால் அது கோழிக்கு. கோழி மருந்தைக் கரைத்து குடிதண்ணீரில் கொடுப்பார்கள். காலையிலிருந்து தண்ணீர் காட்டாமல் கோழிகளைத் தாகத்தில் வைத்து, தண்ணீரில் பால்பவுடர் கலந்து, அதில் மருந்தைக் கலந்து விட்டால் எல்லாக் கோழியும் ஒரே மூச்சில் குடித்துவிடும். அந்த மருந்து பொடியாக, உலர்ந்து போன வில்லையாக வரும். ஃபிரிட்ஜில் மேல்தட்டில் உறைய வைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. என் கணவர் இதை ஆயிரக்கணக்கான கோழிகளுக்குச் செய்தவர், அதில் அவரைக் குறை சொல்ல யாராலும் முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிவாரத்திலிருந்து போன் செய்தார். மகள்தான் எடுத்தாள். பன்றிகளுக்குத் தண்ணீர் காட்டாதே, நான் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவள் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, அப்பா பன்றியைக் கோழி ஆக்கப் போகிறார் என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் ஏறி வந்து பைக்கை நிறுத்தியவர் பையிலிருந்து முதலில் எடுத்தது பால்பவுடர் பாக்கெட்டைத்தான். மகள் அதை வாங்கி, "டீ போட ஆச்சுங்கப்பா" என்றாள்.

பிறகு தெர்மோகோல் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் மருந்து பாட்டில்.

"பண்ணை ஃபிரிட்ஜுல மேல்தட்டுலயே வெச்சிருந்தேன். காத்தால எடுக்கறப்ப கல்லாட்டம் இருந்துச்சு. இப்பத்தான் இளகுது" என்றார். குரலில் அவ்வளவு பெருமை.

நாங்கள் பிள்ளைகளுக்குப் போடும் ஊசிகளில் சில உறையவே கூடாது. அதில் மருந்து ஒரு வெண்மையான பொருளோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். ஒருமுறை உறைந்தால் அது விட்டுப் போய்விடும், பிறகு இளகினாலும் ஒட்டாது. இதைக் கண்டுபிடிக்கக் குலுக்கிப் பார்ப்போம். நல்ல மருந்தைக் குலுக்கினால் மோர் போல ஒரே சீராகக் கலங்கி வெகுநேரம் அப்படியே நிற்கும். உறைந்து கெட்டது குலுக்கியவுடன் திரிதிரியாகப் பிரிந்து விறுவிறுவென்று அடியில் போய்ப் படிந்துவிடும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். பாட்டிலை வாங்கிக் கையில் உருட்டி நன்றாக இளக வைத்தேன். குலுக்கினேன். வெளிச்சத்துக்கு எதிரில் சன்னல் திண்டில் வைத்தேன். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பொங்கிய சோற்றுக் கஞ்சியில் பருக்கை இறங்குவதைப் போல அது இறங்கியது.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். மேல்தட்டில் வைத்தது என்று சொன்னதுமே தூக்கிப் போடுங்கள் என்றார். மகளுக்கு மனசு ஒப்பவில்லை. வானம் அப்போதே கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டு ஊசிக்கும் நடுவில் வேண்டிய நாட்கள் கிடைக்காமல் போய்விடுமோ என்பது அவள் பயம். பாதிச் சக்தியாவது மிச்சம் இருக்காதா, போட்டுவிடலாமே என்று கெஞ்சினாள்.

"வேண்டாங் கண்ணு" என்றேன். "போட்டுட்டோம்கிற நம்பிக்கைதான் மிச்சமாகும். உள்ளுக்குள்ள ஒன்னும் இருக்காது. அத நம்பிக்கிட்டு நாம நிம்மதியாத் தூங்கிருவோம்."

அவள் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி ஒருமுறை குலுக்கிப் பார்த்தாள். மறுபடியும் இறங்கியது. பன்றிகளுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். என் கணவர் டீ குடிக்கவில்லை. தார்ப்பாயில் கிழிந்த இடத்தைத் தைக்கிறேன் என்று ஊசியும் சணலும் எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அடுத்த பாட்டிலை நீயே போய் வாங்கி வா புள்ள என்று மட்டும் சொன்னார்.

லீவு போட்டுவிட்டு நானே நாமக்கல் போனேன். சுகாதார நிலையத்தின் அரசாங்கத் தடுப்பூசிப் பெட்டியைத் தொடவில்லை, அது பிள்ளைகளுக்கானது. வீட்டிலிருந்த ஒரு பெட்டியில் ஐஸ் பொதிகளைப் போட்டு, அவை வியர்த்து உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கும் வரை வெளியில் வைத்திருந்து, அதற்குப் பிறகுதான் எடுத்துக்கொண்டேன். அவசரத்தில் உறைந்த பொதியோடு மருந்தை ஒட்டி வைப்பதுதான் எங்கள் துறையில் எல்லோரும் செய்யும் தவறு. மருந்து பாட்டிலைப் பழைய துண்டில் சுற்றி நடுவில் வைத்தேன்.

சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் மலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கணவர் வந்து நின்றார். பண்ணையில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பெட்டியை என் கையிலிருந்து வாங்கினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். வளைவுகளில் பஸ் சாயும்போது எல்லோரும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் பிடிக்கவில்லை. இரண்டு கைகளாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பஸ் சாயும் பக்கமெல்லாம் சாய்ந்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், ஏனுங்க, உள்ள என்ன இருக்குதுங்க, இப்படிப் பிடிச்சிருக்கீங்க என்று கேட்டார்.

"மருந்துங்க."

"ஊட்டுல ஆருக்கு ஒடம்பு சரியில்லீங்க?"

"பன்னிக்குங்க" என்றார் என் கணவர்.

பஸ்ஸில் அந்தப் பக்கம் முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டேன். சொந்தக்காரர்களிடம் மகள் 'பண்ணை வைத்திருக்கிறாள்' என்று மட்டும் சொல்லி, என்ன பண்ணை என்பதை முழுங்கிவிடும் மனிதர் அவர்.

வீட்டுக்கு வந்ததும் குலுக்கினோம். மோர் போல நின்றது. மகள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஊசி போட்டோம். எத்தனையோ பிள்ளைகளின் தொடையில் நடுங்காமல் ஊசி போட்ட கை இது. பன்றியின் காதுக்குப் பின்னால், கழுத்துச் சதையில் போட வேண்டும் என்று டாக்டரம்மா தொட்டுக் காட்டியபோது ஊசியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். முதல் சிலவற்றை அவரே போட்டார். பிறகு மகள் போட்டாள். பலகையை வைத்து மூலையில் ஒதுக்கி மடக்கும்போது பன்றி போடும் கூச்சல் இருக்கிறதே, மலைச்சரிவு முழுக்கக் கேட்கும். ஊசி குத்தும்போது அது கத்துவதில்லை. பிடித்து வைப்பதற்குத்தான் அவ்வளவு சத்தம். பிள்ளைகளும் அப்படித்தான். போட்டதையும் போடாததையும் பிரித்து அறிய நான் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தை ஒவ்வொன்றின் முதுகிலும் தடவினேன். வேலை முடிந்தபோது கொட்டகை முழுவதும் ஊதாப் பொட்டு வைத்த பன்றிகள். என் கையும் ஒரு வாரத்துக்கு ஊதாவாகத்தான் இருந்தது.

குத்தகை கொடுத்த நிலத்துக்காரர் வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கீழ்ச்சரிவில் சில பன்றிகள் உண்டு. டாக்டரம்மா உங்களுடையதுக்கும் போட்டுவிடலாமா என்று கேட்டார். "நல்லா இருக்கறதுக்கு எதுக்குங்க ஊசி? நோவு வந்தாப் பாத்துக்கலாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மலைக்கு வேலைக்கு வந்த புதிதில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கேட்ட வார்த்தை அது. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

சாயங்காலம் மகளோடு கொட்டகைக்குப் போனேன். கிழங்கு ஆலையில் மிஞ்சும் மரவள்ளித் திப்பியும் பலாச் சக்கையும் போட்ட தொட்டி அப்படியே இருந்தது. பன்றிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து குவியலாகக் கிடந்தன. ஒன்றின் காதைத் தொட்டேன். கொதித்தது. இன்னொன்றைத் தொட்டேன். அதுவும். ஊசி மருந்தே நோயைக் கொண்டுவந்துவிட்டது, நாமே நம் கையால் கொடுத்துவிட்டோம் என்று ஏதேதோ சொன்னேன். உடனே டாக்டரம்மாவைக் கூப்பிடு, காய்ச்சலுக்கு மருந்து போடச் சொல்லு, ஆன்டிபயாடிக் போடச் சொல்லு என்று மகளை விரட்டினேன். அவள் நகரவில்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, ஊசி போட்ட அன்னிக்குக் கொழந்தைக்குக் காய்ச்சல்னு பதறிக்கிட்டு வர்றவங்ககிட்ட நீங்க என்ன சொல்லுவீங்க?"

நான் இன்னொரு பன்றியின் காதைத் தொட்டுப் பார்த்தேன்.

"சொல்லுங்கம்மா. எனக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

சொன்னேன். நான் மலையில் தாய்மார்களுக்குச் சொல்லும் விதத்திலேயே சொன்னேன். அடிவாரத்தில் சோதனைச்சாவடி இருக்கிறதல்லவா, புது வண்டி வந்தால் அங்கே இருப்பவர்கள் கயிற்றை இழுத்து நிறுத்தி, எல்லோரும் எழுந்து வந்து, சத்தம் போட்டு, சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். அந்தக் கலாட்டாதான் காய்ச்சல். வந்தது உண்மையான நோய் இல்லை, அதன் செத்த உருவம். ஆனால் சாவடிக்காரர்களுக்கு அது தெரியாது. அதன் முகத்தை மனசில் பதித்துக்கொள்கிறார்கள். இரண்டாவது தடவை அதே வண்டி வந்தால் அவ்வளவு நேரம் ஆகாது. தூரத்திலேயே அடையாளம் கண்டு, நிறைய ஆட்களோடு தயாராக நிற்பார்கள். அதனால்தான் இரண்டாவது ஊசி. காய்ச்சல் வந்தால் உடம்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். பயப்படாதே சாமி, நாளைக்குச் சரியாகிவிடும்.

சொல்லி முடித்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. எத்தனை பேரிடம் எவ்வளவு சுலபமாக இதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மடியில் கொதிக்கும் பிள்ளையோடு அவர்கள் மேட்டில் ஏறிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வார்த்தை அவர்கள் கையில் எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

காலையில் தீவன நேரத்துக்கு முன்னாலேயே தொட்டியை மூக்கால் இடித்துக்கொண்டு சண்டை போட்டன. இரண்டாவது ஊசியைப் புரட்டாசியில், மழை இறங்குவதற்கு முன்னால் போட்டு முடித்தோம். அந்த முறை கணவர் பலகை பிடித்தார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் பனி வந்தது. மிளகுக் கொடிகளிலிருந்து நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும் காலம். நான் தினமும் விடிந்ததும் சன்னலைத் திறந்து காதைக் கொடுத்தேன். பல் துலக்குவதற்கு முன்னால், அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால். ஒருநாள் சத்தம் வந்தது. கீழ்ச்சரிவிலிருந்து, நிலத்துக்காரரின் பன்றிகள். அதே வறண்ட இருமல். அந்த வாரத்திலேயே அவருடையது இரண்டு செத்தன. அவர் பன்றிகளுக்கும் எங்கள் பன்றிகளுக்கும் நடுவில் ஒரு மூங்கில் வேலியும் ஒரு வாய்க்காலும்தான்.

நான் வேலைக்குப் போனேன், வந்தேன். பிள்ளைகளின் எடையைப் பார்த்தேன். யார் என்ன கேட்டாலும் இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது. மகள் நிலத்துக்காரர் பக்கம் போன செருப்பைக் கொட்டகைக்குள் கொண்டுவரக் கூடாது என்று சட்டம் போட்டாள். டாக்டரம்மா அவருடைய மற்ற பன்றிகளுக்கு வைத்தியம் பார்த்தார். பிறகு எங்கள் கொட்டகையிலும் ஒன்று இருமியது. ஓரத்தில் நிற்கும் ஒரு பெட்டைப் பன்றி. அதன் முதுகில் ஊதா இன்னும் லேசாகத் தெரிந்தது. மகள் அதைத் தனியாகப் பிரித்துக் கட்டினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை. ஓசூர் என்ற வார்த்தையை நாங்கள் யாரும் சொல்லவில்லை, ஆனால் வீட்டில் அது நடமாடிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா வந்து காய்ச்சல் பார்த்து, விலாவில் காது வைத்துக் கேட்டு, ஒரு ஊசி போட்டார். தடுப்பூசி போட்டால் பாக்டீரியா மூக்குக்குள்ளேயே வராது என்று நினைக்காதீர்கள், வரும். நுரையீரலைப் பிடிக்க விடாது, அவ்வளவுதான் என்றார். அந்தப் பெட்டை இரண்டு வேளை சரியாகத் தின்னவில்லை. மூன்றாவது வேளை தின்றது. நாயைப் போல உட்காரவில்லை. வயிறு அடிக்கவில்லை. மற்றவை எதுவும் இருமவே இல்லை. மார்கழி முழுக்கப் பனி இறங்கியது, விடிந்தது, தொட்டி காலியாயிற்று, மறுபடியும் பனி இறங்கியது. நான் சன்னலைத் திறந்து கேட்ட ஒவ்வொரு நாளும் கொட்டகையிலிருந்து வந்தது உறுமலும் சண்டையும்தான். அவ்வளவு அழகான சத்தத்தை நான் கேட்டதில்லை.

தை பிறந்ததும் நிலத்துக்காரர் தானே வந்தார். மிச்சம் இருக்கிற இரண்டையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு, பின்னால் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் அவரவர் பன்றிகளோடு. என்னைப் பார்த்து, "நர்சம்மா, பாப்பாவை எங்களுதுக்கும் பொட்டு வெச்சு உடச் சொல்லுங்க" என்றார். ஊசி என்று சொல்லவில்லை. ஊதாப் பொட்டு வைத்த பன்றி சாகாது என்று அதற்குள் சரிவு முழுவதும் பேச்சாகியிருந்தது. பொட்டில் ஒன்றும் இல்லை, உள்ளே போகும் மருந்தில்தான் இருக்கிறது என்று மகள் எவ்வளவோ விளக்கினாள். சரிங்க பாப்பா, மருந்தும் போடுங்க, பொட்டும் வெய்யுங்க என்றார் ஒருவர். டாக்டரம்மாவை வரவழைத்து இரண்டையும் செய்தோம்.

முதல் பன்றிகளை விற்ற அன்று சேந்தமங்கலத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா கறிக்கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார், நுரையீரலை எங்களுக்குக் காட்டச் சொல்லி. நிமோனியா பிடித்த நுரையீரல் ஈரலைப் போலக் கறுத்துக் கெட்டியாகிவிடும், ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டால் முங்கும், நல்லதில் காற்று இருப்பதால் மிதக்கும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வெளிறிய ரோஜா நிறம். பஞ்சு போல மெத்தென்று, விரலால் அழுத்தினால் மறுபடியும் எழும்பியது. நான் ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன், ஓரங்களை, மடிப்புகளை. ஒரு கரும்புள்ளி தேடினேன். இத்தனை வருடமாக வெளியிலிருந்தே காது வைத்துக் கேட்ட உறுப்பு, என் உள்ளங்கையில் சுத்தமாக இருந்தது. என் கை நடுங்குவதைக் கடைக்காரர் பார்த்துவிட்டு, ஏனுங்கம்மா, ரத்தம் ஆகாதுங்களா என்று கேட்டார். ரத்தமெல்லாம் எனக்கு ஆகும். நடுங்கியது வேறு எதற்கோ. இன்றும் சில விடியலில் சன்னலைத் திறக்கும்போது அந்த நடுக்கம் வருகிறது. சத்தம் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் உடனே நிற்பதில்லை.

என் கணவர் ஒரு துண்டை வாங்கி வாளித் தண்ணீரில் போட்டார். மிதந்தது. விரலால் அழுத்தினார். கீழே போய் மேலே வந்தது. இன்னொரு துண்டைப் போட்டார். அதுவும் வந்தது. கடையில் கறி வாங்க நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு அவர் விளக்கம் சொல்லத் தொடங்கினார், இது எங்க பாப்பா பண்ணைப் பன்றிங்க, பன்றிப் பண்ணை வெச்சிருக்கறாங்க, மலை மேல என்று. பன்றி என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொன்னார். மறுபடியும் துண்டை அழுத்தினார்.

"உடுங்கப்பா, அது முங்காது" என்றாள் மகள்.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு கடைக்கு வெளியே போய் போனை எடுத்தாள். ஓசூர் மாமாவுக்கு என்று எனக்குத் தெரிந்தது. தைக்குப் பிறகு பதில் சொல்வதாக அவரிடம் சொல்லியிருந்தாள். ரோட்டில் லாரி போகும் சத்தத்தில் அவள் பாதி கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"இல்லீங்க மாமா, வரலீங்க. ஆமாங்க, நல்ல வேலைதாங்க. எனக்கு இங்க வேலை இருக்குதுங்க. தாய்ப்பன்னி ரெண்டு மாசி கடைசில குட்டி போடுதுங்க, அதுக்கு முன்னாடி அதுகளுக்கு ஊசி போடோணும். இல்லீன்னா சீம்பால்ல குட்டிங்களுக்கு ஒன்னும் போய்ச் சேராதுங்க."

மாமா அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, அவள் சிரித்தாள்.